நீளம் இடப்பக்கம், வலி வலப்பக்கம்: ஓர் ஈகிள் சிண்ட்ரோம் நிகழ்வு ஆய்வு

காது மூக்கு தொண்டை மருத்துவனான என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஓர் அம்மா, இதை எழுதிக்கொள்ள அனுமதி தந்திருக்கிறார். "பேரு மட்டும் வேண்டாங்க சார். மத்தபடி எழுதுங்க, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார். ஆகவே பெயர் இல்லை. ஊரும் திருப்பூர்ப் பக்கம் என்ற அளவோடு நிற்கட்டும்.

வயது 43. பனியன் கம்பெனியில் 12 வருடம் ஓவர்லாக் அடித்தவர். இப்போது வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறார். கணவர் வேன் ஓட்டுகிறார். மகன் கல்லூரியில் படிக்கிறான். சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, வெற்றிலை பாக்குப் பழக்கமும் இல்லை. சின்ன வயதில் டான்சில் அறுவை எதுவும் செய்துகொண்டதில்லை. கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

என்னிடம் சொன்ன குறை இதுதான்: தொண்டையில் வலப்பக்கம் முள் குத்துகிறது. சோறு இறங்குகிறது, ஆனால் வெறும் எச்சிலை விழுங்கினால் குத்துகிறது. கழுத்தை வலப்பக்கம் திருப்பினால் காது வரைக்கும் ஓர் இழுப்பு. கொட்டாவி விட்டால் உயிர் போகிறது. இது இரண்டு வருடமாக.

முள் என்று அவர் சொன்னது சும்மா உவமைக்காக இல்லை. முதல் நாள் அது நிஜமாகவே முள் என்றுதான் நம்பியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜிலேபி மீன் குழம்பு. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது தொண்டையில் ஏதோ நின்றது. வழக்கமான வைத்தியம் எல்லாம் நடந்தது: வெறும் சோற்றை உருண்டை பிடித்து மெல்லாமல் விழுங்கினார், வாழைப்பழம் விழுங்கினார், மாமியார் கழுத்தை நீவிவிட்டார். இரவில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொண்டைக்குள் குழாய் விட்டும் பார்த்தார்கள். முள் இல்லை. "கீறிட்டுப் போயிருக்கும், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று அனுப்பினார்கள். அந்த ரெண்டு நாள்தான் ரெண்டு வருடமாக நீண்டது.

மஞ்சள் பை

என்னிடம் வரும்போது அவர் கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. துணிக்கடைப் பை, உள்ளே இரண்டு வருடத்து மருத்துவம். பல் மருத்துவர் ஒருவர் கடைவாயில் முளைத்த ஞானப்பல்லைப் பிடுங்கியிருந்தார். பொது மருத்துவர் கேஸ் என்றார், வெறும் வயிற்றில் போடும் மாத்திரை மூன்று மாதம் ஓடியது. எலும்பு மருத்துவர் கழுத்தெலும்பு தேய்மானம் என்று பட்டி போடச் சொன்னார். நாள் முழுக்கக் குனிந்து தைக்கிற பெண்ணுக்குக் கழுத்தில் வலி என்றால் யாருக்கும் முதலில் அதுதான் தோன்றும். எக்ஸ்ரே எடுத்தால் 40 வயதுக்கு மேல் பாதிப் பேருக்குக் கொஞ்சமாவது தேய்மானம் தெரியும். அதனால் யாரையும் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை.

சொல்வதென்றால் என்னைத்தான் முதலில் சொல்லவேண்டும். முதல் வருகையில் நானும் தொண்டையைப் பார்த்தேன், லேசாகச் சிவந்திருந்தது. அமிலம் மேலேறுவதால் இருக்கும் என்று ஆறு வாரத்துக்கு மாத்திரை எழுதினேன். அதே மாத்திரையை வேறு கம்பெனிப் பெயரில் அவர் ஏற்கெனவே மூன்று மாதம் விழுங்கியவர். அந்தச் சீட்டு பைக்குள்ளேயே இருந்தது. நான் பையைப் பிரிக்கவில்லை.

இரண்டாவது வருகையில் அவர் புதிதாக ஒன்று சொன்னார். "காது உள்ளுக்குள்ள குடையுதுங்க. பட்ஸ் போட்டாலும் அரிப்பு நிக்கல." காதைப் பார்த்தேன். சவ்வு முத்துப் போலப் பளிச்சென்று இருந்தது. சுத்தமான காதில் வலி என்றால் தொண்டையைப் பார் என்பது எங்கள் துறையில் முதல் வருடப் பாடம். காதுக்கும் தொண்டைக்கும் உணர்ச்சி நரம்புகள் பொது. டான்சில், நாக்கின் அடி, நடுக்காது மூன்றுக்கும் போகிறது ஒன்பதாவது மூளை நரம்பு. டான்சில் பள்ளத்தில் இருக்கிற சங்கடத்தை மூளை காதுக் கணக்கில் எழுதிவிடும். இங்கே பயப்படவேண்டியது புற்றுநோய்க்குத்தான். நாக்கின் அடியிலோ குரல்வளைக்குப் பக்கத்துப் பள்ளத்திலோ ஒளிந்திருக்கும் கட்டி, பல நேரம் காதுவலியாகத்தான் முதலில் தலைகாட்டும். அதனால் மூக்கு வழியாக எண்டோஸ்கோப் விட்டு ஒவ்வொரு மூலையாகப் பார்த்தேன். எதுவும் இல்லை. கழுத்தில் நெறிக்கட்டும் இல்லை.

அப்போதுதான் பையைக் கவிழ்த்தேன். பல் மருத்துவர் ஒரு வருடத்துக்கு முன் எடுத்த ஓபிஜி படம், தாடை முழுவதையும் வளைவாகக் காட்டுமே அந்தப் படம், மடங்கிக் கிடந்தது. எல்லோரும் அதில் பல்லைத்தான் பார்த்திருக்கிறோம். தாடையெலும்பின் பின்விளிம்புக்கு அப்பால், இரண்டு பக்கமும், மெலிதாக ஒரு வெள்ளைக் கோடு கீழ்நோக்கி இறங்கியிருந்தது. ஒரு வருடமாக அந்தக் கோடு அந்தப் பைக்குள் ஊர் ஊராக அலைந்திருக்கிறது.

எழுத்தாணி

அந்தக் கோடு ஸ்டைலாய்டு எலும்பு. காதுக்குக் கீழே, மண்டையோட்டின் அடியிலிருந்து கீழும் முன்னும் உள்ளுமாக இறங்கும் ஒல்லியான கூர்முனை. எழுத்தாணி போல இருப்பதால் வந்த பெயர். ஓலையில் எழுதிய நம்மவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் கூர்த்து, சற்றே வளைந்து, அச்சு அசல் எழுத்தாணிதான். அதன் நுனியிலிருந்து ஒரு தசைநார் இறங்கி, நாக்கின் அடியில் இருக்கும் நாவடி எலும்பில் சேர்கிறது. மூன்று தசைகளும் இந்தக் குச்சியைப் பற்றிக்கொண்டு தொடங்குகின்றன. நாம் விழுங்கும்போது நாக்கையும் தொண்டையையும் தூக்கிக் கொடுப்பவை அவை.

கரு வளரும்போது எலும்பும் தசைநாரும் ஒரே குருத்தெலும்பிலிருந்து உருவாகின்றன. சிலருக்கு அந்த நாரும் எலும்பாக இறுகிவிடுகிறது. எழுத்தாணி நீண்டுவிடுகிறது. சுற்றுப்புறம் விசாலமாக இருந்தால் பரவாயில்லை, ஆனால் இது நிற்கிற இடம் சந்தைக்கடை. வெளிப்பக்கம் வெளிக் கழுத்துத் தமனி, உள்பக்கம் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் உள் கழுத்துத் தமனி, பின்னால் கழுத்துப் பெருஞ்சிரை, நடுவே ஒன்பது முதல் பன்னிரண்டு வரைக்குமான மூளை நரம்புகள். நுனிக்கு நேர் உள்ளே டான்சில் பள்ளம்.

இதை ஒரு நோயாக அடையாளம் காட்டியவர் வாட் ஈகிள். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்தவர். 1937இல் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதற்கும் வெகுகாலத்துக்கு முன்பே, 1652இல், இத்தாலியின் பதுவா நகரில் மார்க்கெட்டி என்ற உடற்கூறு அறிஞர் இந்த நார் எலும்பாவதைக் குறித்து வைத்திருந்தார் என்றாலும், பெயர் ஈகிளுக்குத்தான் போனது. எலும்பின் சராசரி நீளம் சுமார் 25 மில்லிமீட்டர். 30க்கு மேல் போனால் நீண்டது என்று இன்று பெரும்பாலும் கணக்கு வைக்கிறோம். ஈகிள் சொன்ன கணக்குப்படி நூற்றில் 4 பேருக்கு இது நீண்டிருக்கும். ஆனால் நீண்டிருப்பவர்களிலும் வலி வருவது பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. பெண்களுக்கு, அதுவும் 30 வயதுக்கு மேல், அதிகம்.

ஈகிள் இதை இரண்டாகப் பிரித்தார். ஒன்று தொண்டை வகை: முள் குத்துவது, விழுங்கினால் வலி, காதுவலி. டான்சில் அறுவைக்குப் பிறகு ஏற்படும் வடு நரம்பை இழுப்பதால் வருகிறது என்று அவர் நினைத்தார். நம் அம்மாவுக்கு டான்சில் அப்படியே இருக்கிறது. ஆக அந்த விளக்கம் இவருக்குப் பொருந்தவில்லை. இந்தக் காலத்தில் நிறையப் பேருக்குப் பொருந்துவதும் இல்லை. இன்னொன்று தமனி வகை: எலும்பு கழுத்துத் தமனியை உரசுவது. கண்ணைச் சுற்றியோ உச்சந்தலையிலோ வலி, தலையைத் திருப்பினால் மயக்கம், அபூர்வமாகத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம். முதல் வகையில் அவசரம் எதுவும் கிடையாது. இரண்டாவதில் உண்டு.

விரல்

சோதனை மிகப் பழையது, செலவில்லாதது. கையுறை போட்ட ஆள்காட்டி விரலை வாய்க்குள் விட்டு டான்சில் பள்ளத்தை அழுத்திப் பார்ப்பது. மரத்துப்போகும் மருந்தைத் தொண்டையில் அடித்துவிட்டுத் தொடக்கூடாது, தேடுகிற வலியும் மரத்துவிடும். அதனால் நோயாளிக்குக் கொஞ்சம் குமட்டும், முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

இடப்பக்கம் முதலில். விரல் நுனியில் கம்பி போல ஏதோ தட்டுப்பட்டது. "வலிக்குதாம்மா?" இல்லை என்று தலையாட்டினார். அப்புறம் வலப்பக்கம். விரல் பட்டதுதான் தாமதம், என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துவிட்டார். கண்ணில் தண்ணீர். விரலை எடுத்ததும் அவர் சொன்னது: "அதேதானுங்க சார். அதே முள்ளுதான். காதும் இழுத்துச்சு."

இரண்டு வருடத்தில் அந்த இடத்தில் விரல் வைத்த முதல் ஆள் நான்தான். அதிலும் மூன்றாவது வருகையில்.

மெல்லிய வெட்டுகளாக சிடி ஸ்கேன் எடுத்து முப்பரிமாணத்தில் அடுக்கிப் பார்த்தோம். ஓபிஜி படம் உருவத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டும், அதை வைத்து அளக்க முடியாது. தமனிகளும் தெரியவேண்டும் என்பதால் ரத்தநாள மருந்து செலுத்தியே எடுக்கச் சொன்னேன். முடிவு: வலப்பக்கம் 38 மில்லிமீட்டர், இடப்பக்கம் 44. ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரி இடப்பக்க எலும்பின் நீட்சியைத்தான் அழுத்திச் சொன்னது.

அறிக்கையைப் படித்த மகன் நேராகவே கேட்டான். "லெஃப்ட்லதான் லாங்கா இருக்கு. வலி ரைட்ல. அப்ப இது அந்த நோய்தானா சார்?"

நல்ல கேள்வி. படத்தைச் சுழற்றிக் காட்டினேன். இடப்பக்கக் குச்சி நீளம்தான், ஆனால் தாடைக்கு இணையாக நேரே இறங்குகிறது. யாரையும் தொடவில்லை. வலப்பக்கக் குச்சி குட்டையாக இருந்தாலும் பாதியில் உள்நோக்கி வளைந்து, நுனி டான்சில் பள்ளத்துச் சுவருக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. நுனியும் கூர்மையாக இல்லை, குமிழ் போலத் தடித்திருக்கிறது. இந்த நோயில் நீளத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசுவது எனக்குப் பிடிக்காது. கோணம், தடிமன், நுனி யார் மேல் சாய்கிறது என்பதுதான் விஷயம். இவரை விரலால் தொட்டுப் பார்க்காமல் அறிக்கையை மட்டும் நம்பிக் கத்தி எடுத்திருந்தால், வலிக்காத பக்கத்தை வெட்டியிருக்கும் அபாயம் நிஜமாகவே இருந்தது.

தமனிகள் இரண்டு பக்கமும் எலும்பிலிருந்து விலகியே இருந்தன. பெருஞ்சிரையும் நசுங்கவில்லை. மகன் போனில் படித்துவிட்டுப் பக்கவாதம் பக்கவாதம் என்று நடுங்கிக்கொண்டிருந்தான். இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் அடங்கினான்.

அளவு நோட்டு

"வெட்டிப்போட்டா செரியாப் போயிருமுங்களா?" இது அம்மாவின் கேள்வி. கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். எலும்பு தெரிகிறது, தொட்டால் வலிக்கிறது, எடுத்தால் போய்விடும். கணக்கு நேராகத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கு இருந்தது ஒரே வலி இல்லை. தொண்டையில் குத்தல், காதில் குடைச்சல், பிடரியில் ஒரு கனம். மூன்றும் கழுத்தைச் சுற்றியே இருப்பதால் மூன்றையும் சேர்த்து அவர் "கழுத்துவலி" என்பார். எலும்பை எடுத்தால் இதில் எது போகும், எது போகாது என்று தெரியாமல் அறுவைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கோவையில் தலை, கழுத்து அறுவை செய்யும் நண்பரை அழைத்தேன். அவரும் அதையேதான் சொன்னார்: "ஊசி போட்டு எது போகுதுன்னு எழுதி வை. அப்புறம் அனுப்பு."

எழுதி வைக்க நோட்டு ஒன்று வேண்டுமே. அவரிடமே இருந்தது, வாடிக்கையாளர்களின் பிளவுஸ் அளவு எழுதும் நோட்டு. அதன் பின்பக்கத்தில் மூன்று பத்தி கோடு போட்டார். தினமும் இரவு ஒவ்வொரு வலிக்கும் பத்துக்கு எத்தனை என்று எழுதவேண்டும். அடுத்த முறை கொண்டுவந்தபோது நான் தவறான பக்கத்தைத் திறந்து, "முன் கழுத்து 7, பின் கழுத்து 9" என்று படித்துவிட்டு, என்னம்மா இவ்வளவு ஏறியிருக்கிறதே என்று பதறினேன். அவர் சிரித்துவிட்டார். அது யாரோ ஒரு டீச்சரம்மாவின் பிளவுஸ் கழுத்து இறக்கம். சரியான பக்கத்தில் பத்து நாளும் ஏறக்குறைய ஒரே மாதிரி: தொண்டை 7, காது 5, பிடரி 4.

ஊசி போட்டது ஒரு புதன்கிழமை காலை. மரத்துப்போகச் செய்யும் மருந்தான லிக்னோகெயின், 2 சதவீதம், ஒரு மில்லிதான். பள்ளத்தில் எலும்பு நுனி தட்டுப்படும் இடத்தில் ஊசியை வைத்து, ரத்தம் வருகிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுச் செலுத்தவேண்டும். பக்கத்தில்தான் பெரிய குழாய்கள். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். இன்னொரு வாய். அப்புறம் தலையை வலப்பக்கம் மெதுவாகத் திருப்பினார், சுவரில் இருக்கிற காலண்டரைப் பார்க்கிறவர் போல. "முள்ளைக் காணோமுங்க" என்றார். மெதுவாக, பயந்துகொண்டேதான் சொன்னார், சத்தமாகச் சொன்னால் திரும்பி வந்துவிடுமோ என்பதுபோல.

அன்றைக்கு மதியம் நோட்டில்: தொண்டை 1, காது 0, பிடரி 4.

அந்த 4 நகரவே இல்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி போட்டுப் பார்த்தேன், அதே கணக்கு. அதாவது பிடரி வலி இந்த எலும்பினுடையது அல்ல. அது தையல் மெஷினுடையது. எலும்பு மருத்துவர் சொன்னது முழுக்கத் தவறும் இல்லை.

ஒன்று சொல்லியாகவேண்டும். ஊசியில் வலி போவது மட்டும் முழு நிரூபணம் ஆகாது. ஒன்பதாவது நரம்பே தன் போக்கில் மின்னல் அடிப்பது போல வலிக்கும் ஒரு நோய் உண்டு, அதிலும் இந்த ஊசி கேட்கும். ஆனால் அந்த வலி சில விநாடிகள் சுளீரென்று வெட்டிவிட்டுப் போகும், நடுவில் ஒன்றுமே இருக்காது. இவருக்கு நாள் முழுக்க இருக்கிறது, விரலால் அழுத்தினால் அதே வலி அதே இடத்தில் வருகிறது, படத்தில் எலும்பும் அங்கேயே நிற்கிறது. நான்கும் ஒன்றுகூடியதால்தான் நம்பினேன்.

வெட்டாமல் ஒரு சுற்று

உடனே வெட்டவேண்டிய நோய் இல்லை என்பதால் மருந்தில் ஒரு சுற்று பார்த்தோம். நரம்புவலி மாத்திரையான கார்பமசெப்பின் நூறு மில்லிகிராம் காலையும் இரவும். நான்காம் நாளே மெஷினில் உட்கார்ந்தபடி தூங்கி, ஊசி விரலில் ஏறிவிட்டது. நிறுத்தினேன். பிரிகாபலின் இரவில் மட்டும் கொடுத்ததில் தூக்கம் நன்றாக வந்தது, முள் போகவில்லை. பிறகு அதே இடத்தில் ஸ்டீராய்டு ஊசி. இது கேட்டது. ஒன்பது வாரம் நிம்மதி. நல்லவேளை, அந்த ஒன்பது வாரத்துக்குள் தீபாவளி வந்தது, இரவு இரண்டு மணி வரை தைத்தேன் என்றார் பெருமையாக. கார்த்திகை தீபத்தன்று கொட்டாவி விட்டபோது முள் திரும்ப வந்தது.

மறுபடி ஸ்டீராய்டு போடலாம். சிலர் வருடத்துக்கு ஒன்றிரண்டு ஊசியோடு சமாளித்துக்கொள்கிறார்கள், அதில் தப்பில்லை. வலி 3 அல்லது 4 என்று எழுதுகிறவராக இவர் இருந்திருந்தால் நானே அறுவை வேண்டாம் என்றிருப்பேன். இவர் எழுதியது 7. எச்சில் விழுங்கப் பயந்து துப்பத் தொடங்கியிருந்தார். இரண்டு வருடத்தில் ஆறு கிலோ குறைந்திருந்தார்.

மார்கழியில் மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள். ஒன்றரை மணி நேரம். வழிகள் இரண்டு என்று சொன்னேன். கழுத்தின் வெளியே, தாடைக்குக் கீழே கீறிப் போவது ஒன்று. எல்லாம் கண்முன் தெரியும், ரத்தக்குழாய் தொந்தரவு செய்தால் கட்டுப்படுத்தலாம், எலும்பை மேல்வரை எடுக்கலாம். ஆனால் தழும்பு விழும். கீழுதட்டை அசைக்கும் நரம்புக் கிளை அடிபட்டால் வாய் ஒரு பக்கம் கோணும், பெரும்பாலும் சில மாதத்தில் திரும்பிவிடும், எப்போதும் என்று சொல்ல முடியாது. சிலருக்குச் சாப்பாட்டின் முதல் கவளத்தில் மட்டும் காதடியில் சுருக்கென்று ஒரு வலி வரும், முதல் கடி வலி என்றே அதற்குப் பெயர். தமனி வகையாக இருந்தால் நான் இந்த வழியைத்தான் சொல்லியிருப்பேன்.

இன்னொன்று வாய்வழி. வெளியே தழும்பு இல்லை, வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம். ஆனால் ஆழமான குழிக்குள் வேலை. ரத்தம் கசிந்தால் பிடிப்பது சிரமம். வாயின் கிருமிகள் கழுத்தின் ஆழத்துக்குப் போய்ச் சீழ் பிடிக்கலாம். நுனி விரலுக்கே தட்டுப்படுகிறவர்களுக்கு இது தோதானது.

"தழும்பு கெடக்குதுங்க, வாய் கோணாம இருந்தாப் போதும்" என்றார் அம்மா. கணவர் அதுவரை பேசவில்லை. வாய்வழி என்றால் டான்சிலை எடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள் என்றதும் வாயைத் திறந்தார். "நல்லா இருக்கற டான்சிலை எதுக்குங்க எடுக்கோணும்?" டான்சிலை விட்டுவைத்து ஒதுக்கி வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். நண்பரின் வழக்கம் எடுத்துவிடுவது, கதவைக் கழற்றிவிட்டால் உள்ளே வெளிச்சம் நன்றாக விழும் என்பார். அதற்கு விலை, பத்து நாள் கூடுதல் தொண்டைவலி. அதையும் சொன்னேன்.

அம்மா கேட்ட கடைசிக் கேள்வி வேறு யாருக்கும் தோன்றாதது. "மிச்சம் எவ்வளவுங்க விடுவீங்க?" பிளவுஸ் வெட்டுகிறவருக்கு உள்ளே பிடிப்புக்குத் துணி விடவேண்டும் என்று தெரியும். எலும்பின் வேரை ஒட்டித்தான் முகத்தை அசைக்கும் நரம்பு மண்டையிலிருந்து வெளியே வருகிறது, அதனால் வேர்ப்பகுதியைத் தொடமாட்டோம், ஒன்றரை சென்டிமீட்டராவது விட்டுத்தான் வெட்டுவோம் என்றேன். "அரை இஞ்சுக்கு மேலயே விடறீங்க. செரி" என்றார்.

பிடரி வலி அறுவையில் போகாது என்பதை நோட்டைக் காட்டி மூன்று முறை சொன்னேன். அந்த 4ஐச் சுற்றி வட்டம் போட்டு அவரையே கையெழுத்துப் போடச் சொன்னேன், பாதி விளையாட்டாக.

தை மாதம்

பொங்கல் முடிந்து அறுவை நடந்தது. நானும் உடன் நின்றேன். தொடங்கும் முன் பக்கத்தை மூன்று பேர் தனித்தனியாகச் சரிபார்த்தோம். அறிக்கையில் இடம், உடம்பில் வலம் என்று இருக்கிறபோது இது சடங்கு இல்லை.

வலப்பக்க டான்சிலை எடுத்ததும் நண்பர் பள்ளத்துக்குள் விரலை விட்டு நுனியைத் தடவிப் பார்த்தார். அதன் மேலேயே தசை நார்களை வெட்டாமல் நீளவாக்கில் விலக்கினார். எலும்பின் மேலுறையைக் கீறி, காலுறையைக் கழற்றுவது போல மேல்நோக்கிச் சுருட்டினார். உறைக்கு உள்ளேயே வேலை நடக்கிறவரை வெளியே இருக்கும் நரம்புகளுக்கும் குழாய்களுக்கும் உறையே அரண். முனையில் பற்றியிருந்த நாரை விடுவித்து, எட்டும் உயரத்தில் எலும்பைக் கத்தரித்தார். விலக்கிய தசையைக் கரையும் நூலால் சேர்த்துத் தைத்தாயிற்று. 50 நிமிடம். ரத்த இழப்பு சொற்பம்.

எடுத்த துண்டு 21 மில்லிமீட்டர். மறுநாள் அம்மா அதைப் பாட்டிலில் பார்த்துவிட்டு, முக்கால் இஞ்சுக்கு ஒரு நூல் கூட இருக்கும் என்று கண்ணாலேயே அளந்து எழுதிக் காட்டினார், பேச முடியாததால்.

மூன்றாம் நாள் வீடு. ஐந்தாம் நாள் இரவு பத்து மணிக்கு போன். அழுகை. "பழைய வலியே தேவலையாட்ட இருக்குதுங்க சார். காதெல்லாம் கொல்லுது." டான்சில் எடுத்த பெரியவர்களுக்கு ஐந்திலிருந்து எட்டாம் நாள் வரைதான் உச்சம். முன்கூட்டியே சொல்லியிருந்தேன், ஆனால் சொல்லிக் கேட்பதும் இரவு பத்து மணிக்கு அனுபவிப்பதும் ஒன்றா? காய்ச்சல் இருக்கிறதா, கழுத்து வீங்கியிருக்கிறதா, வாய் திறக்க முடிகிறதா, ரத்தம் வந்ததா என்று கேட்டேன். எதுவும் இல்லை. இருந்திருந்தால் அந்த இரவே வரச் சொல்லியிருப்பேன், கழுத்தின் ஆழத்தில் சீழ் கோத்தால் காத்திருக்க முடியாது. வலி மாத்திரையை நேரம் தவறாமல் போடச் சொல்லி, ஆறின கஞ்சி குடிக்கச் சொன்னேன்.

இரண்டு வாரம் கழிந்ததும் நோட்டு மறுபடி வந்தது. ஆறாவது வாரம்: தொண்டை 1, காது 1, பிடரி 4. மூன்றாம் மாதம்: தொண்டை 0, காது 0, பிடரி 5. ஒரு மாதம் தைக்காமல் இருந்த பாக்கியை ஒரே மூச்சில் தைத்ததால் கூடிய 1. உட்காரும் ஸ்டூலை இரண்டு அங்குலம் தாழ்த்தி, மெஷின் மேசைக்குக் கீழே பலகை கொடுத்து உயர்த்தி, கழுத்துப் பயிற்சியும் சொல்லிக் கொடுத்த பிறகு 2க்கு வந்திருக்கிறது.

கடைசியாக வந்தது பத்தாம் மாதம். எடை நான்கு கிலோ கூடியிருந்தார். குளிர்காலத்தில் காதில் எப்போதாவது ஓர் அரிப்பு, அவ்வளவுதான். ஜிலேபி மீன் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். சாப்பிடுகிறாராம், முள்ளை மகன் எடுத்துக் கொடுக்கிறானாம்.

இடப்பக்க எலும்பு 44 மில்லிமீட்டரில் அப்படியே இருக்கிறது. "அந்தப் பக்கம் எப்பங்க சார்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். ஒவ்வொரு முறையும் கையுறை போட்டு விரல் வைத்துப் பார்க்கிறேன். கம்பி தட்டுப்படுகிறது. "ஒண்ணுமில்லீங்க" என்கிறார். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அடுத்த வருடம் வரச் சொல்லி அனுப்புகிறேன்.